ஈரம் விடாத மரம்

முனை,
பருத்தித்துறை.
09.12.2024

அன்பின் பெர்னடெட்,

நீர் கொடுத்துவிட்ட பார்சல் சனிக்கிழமை வந்து சேர்ந்தது. மிளகாய்த்தூள் நல்ல மணம். மாத்திரைகளும் பத்திரமாக இருந்தன. ஒழுங்காகப் போடுகிறேன். இதற்காக அடுத்த கடிதத்தில் ஒரு பக்கம் செலவழிக்க வேண்டாம்.

போன வாரம் ஷெரோன் போன் எடுத்து, "அப்பா, அம்மா பக்கத்திலைதான் நிக்கிறா, குடுக்கவோ?" என்று கேட்டாள். நான் வேண்டாம் என்றேன். நீர் கோபிக்க மாட்டீர் என்று தெரியும். உம்முடைய குரலைக் கேட்டால் எனக்குக் கதை வராது. உமக்கும் அப்படித்தான். போன முறை இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு அழுததுதான் மிச்சம். கடிதம் என்றால் நாலு விஷயம் ஒழுங்காகச் சொல்லலாம்.

இங்கே மழையும் காற்றும் ஓய்ந்துவிட்டன. வீட்டுக்குச் சேதமில்லை. வேலைக் கொட்டிலின் கூரைக் கிடுகுகள் கொஞ்சம் பறந்தன, திரும்ப மேய்ந்துவிட்டேன். ஊரெல்லாம் மரங்கள் விழுந்து கிடக்கின்றன. பள்ளிக்கூட வளவில் விழுந்த வேம்பையும், சந்தியில் நின்ற பூவரசையும் விறகாகப் போக விடாமல் கேட்டு எடுத்து வந்துவிட்டேன். பட்டையை உரித்து, பனங்குற்றிகளின் மேல் நிலத்தில் படாமல் கிடத்தியிருக்கிறேன். பட்டை இருந்தால் உள்ளே வண்டு குடியிருக்கும். நிலத்தில் பட்டால் கறையான். அறுத்த தலைப்புகளால்தான் மரம் அவசரமாக ஈரத்தை விடும், விட்டால் வெடிக்கும். கோவிலில் எரிந்து மீந்த மெழுகுதிரிக் கட்டைகளை உருக்கி இரண்டு தலைப்புகளிலும் பூசிவிட்டேன். இனி வெயில் படாமல், காற்று மட்டும் பட்டுக்கொண்டு ஒரு வருடமாவது கிடக்க வேண்டும்.

ஆனால் பெரிய மரத்தைத் தந்தது கடல்.

மழை விட்ட காலையில் உம்முடைய தம்பி சிமியோன் ஓடி வந்தான். "அத்தான், வெளிச்சவீட்டடியிலை ஒரு மரம் அடைஞ்சிருக்கு. எங்கடை ஊர் மரமில்லை. வந்து பாருங்கோ" என்றான். போய்ப் பார்த்தேன். என் உயரத்தைவிட நீளம். கட்டிப் பிடித்தால் கைவிரல்கள் தொடாத பருமன். பாசியும் சிப்பியும் மூடிக் கிடந்தன. ஓரத்தில் உளியால் ஒரு சீவல் எடுத்தேன். உள்ளே சிவப்பு, மாதுளம்பழத் தோலின் சிவப்பு. எந்தத் தேசத்தில் முளைத்ததோ தெரியவில்லை. விதானையாருக்கும் பொலிசுக்கும் அறிவித்தோம். வந்து பார்த்து எழுதிக்கொண்டு, எடுக்கலாம் என்றார்கள். உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்துக் கொட்டிலுக்குக் கொண்டு வந்தோம்.

கிழக்குப் பக்கத்துக் கோவில் ஒன்றுக்கு அந்தோனியார் சிலை கேட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தேனல்லவா? ஆள் உயரச் சிலை. அதற்கு மரம் கிடைக்காமல்தான் இழுபட்டுக்கொண்டிருந்தேன். இப்போது கிடைத்துவிட்டது. கடல் மரத்தில் ஒரு கரைச்சல், உள்ளே ஊறிய உப்பு. உப்பு இருக்கும்வரை அது காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். அதனால் ஒவ்வொரு நாளும் கிணற்று நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவுகிறேன்.

ஷெரோனுக்கும் மருமகனுக்கும் என் அன்பைச் சொல்லும்.

உம்மை மறவாத,
கிறகோரி


சேசு மரி சூசை

வவுனியா.
18.12.2024

அன்புள்ள ஷெரோனின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்து வாசித்தேன், ஷெரோனுக்கும் வாசித்துக் காட்டினேன். மாத்திரை ஒழுங்காகப் போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். சிமியோன் வேறு மாதிரிச் சொல்கிறான். ஒரு பக்கம் செலவழிக்க மாட்டேன், இந்த ஒரு வரி போதும்.

நத்தார் பண்டிகைக்கு இங்கே வாருங்கள். நான் அங்கே வரவில்லை என்று உங்களுக்கு மனவருத்தம் இருக்கும். என்னால் அந்தக் கடலைப் பார்த்துக்கொண்டு சோறு சமைக்க முடியவில்லை, அவ்வளவுதான். வலை பார்க்கப் போன பிள்ளை வரவில்லை, வள்ளம் மட்டும் வந்தது. வந்த வள்ளத்தை நான் கண்ணால் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்தக் கரையில் நான் எதைப் பார்த்தாலும் அந்த வள்ளம்தான் தெரிகிறது. இங்கே வவுனியாவில் குளம் இருக்கிறது. குளத்தில் அலை இல்லை. அதனால் நித்திரை வருகிறது.

உங்களோடு எனக்குக் கோபமில்லை. றஜிந்தனுக்கு ஒரு பூசை வைக்க விடுகிறீர்களில்லை என்ற மனத்தாங்கல் மட்டும் உண்டு. ஆறு வருடமாகிவிட்டது. "உடம்பு வராமல் என்ன பூசை?" என்று கேட்டீர்கள். அதற்கு எனக்கு இன்றுவரை பதில் தெரியாது. ஆனால் பதில் தெரியாவிட்டாலும் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன.

அந்த மரத்தைப் பற்றி ஒன்று. எங்கள் ஐயா கடலில் மிதந்து வந்த பலகையை அடுப்புக்குக்கூட எடுக்க விடமாட்டார். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. வீட்டு வளவுக்குள் ஏன் இழுத்து வந்தீர்கள்? சிலைக்கு வேறு மரம் கிடைக்காதா? தச்சு வேலை உங்களுக்குத் தெரிந்தது, நான் புத்தி சொல்லவில்லை. மனதில் பட்டதை எழுதினேன்.

கட்டாயம் வாருங்கள். ஷெரோன் கேக் அடிக்கப் போகிறாள்.

பெர்னடெட்


முனை,
20.01.2025

அன்பின் பெர்னடெட்,

நத்தாருக்கு வராததற்கு முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். ஷெரோன் கோபத்தில் இருக்கிறாள் என்று சிமியோன் சொன்னான். வெளிக்கிட்டு, சட்டையும் மாற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போகத்தான் நின்றேன். மரத்துக்கு அன்றைக்குத் தண்ணீர் ஊற்றவில்லை என்ற நினைவு வந்தது. ஊற்றிவிட்டுப் போவோம் என்று கொட்டிலுக்குள் போனேன். பிறகு போக மனம் வரவில்லை.

உமக்கு ஒளிக்காமல் எழுதுகிறேன். இந்த மரம் மற்ற மரங்களைப் போல இல்லை.

மரம் காய்கிறதா என்று அறிய நாங்கள் அதை நிறுப்போம். ஈரம் போகப் போக எடை குறையும். எடை குறையாமல் ஓரிடத்தில் நின்றால், காய்ந்துவிட்டது, உளி வைக்கலாம். சிமியோனின் வாடியில் மீன் நிறுக்கும் பெரிய தராசைக் கொண்டு வந்து, சங்கிலியில் தூக்கி எல்லா மரத்தையும் நிறுத்தேன். வேம்பு குறைந்திருக்கிறது. பூவரசும் குறைந்திருக்கிறது. கடல் மரம் கூடியிருக்கிறது. தராசில் பிழை என்று நினைத்து வேம்பைத் திரும்பவும் போட்டுப் பார்த்தேன். தராசு சரி.

ஊற்றுகிற கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறதாக்கும் என்று ஒரு கிழமை ஊற்றாமல் விட்டேன். அதன் பிறகும் கூடியது. மெழுகு பூசிய தலைப்பில் வியர்வை மாதிரி முத்து முத்தாக நீர் நிற்கிறது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. எத்தனை வாளி நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிய மரம்! உப்பு குறையவேயில்லை. அதன் கீழே மணல் எப்போதும் ஈரம். அந்த ஈரத்தில் காலையில் நண்டுகள் வந்து நிற்கின்றன. கடற்கரையிலிருந்து வீதியைக் கடந்து, வேலிக்குக் கீழால் வந்து, சுற்றிவர நிற்கின்றன. நான் போனாலும் ஓடுவதில்லை.

இனிச் சொல்லப் போவதை வாசித்துவிட்டுப் பயப்படாதேயும்.

சிப்பியையும் பாசியையும் சுரண்டி எடுத்தபோது, மரத்தின் இரண்டு பக்கங்களிலும் இரண்டு குழிவுகள் தெரிந்தன. நடுவில் மேற்பக்கம் இன்னொரு குழிவு, அகலமாக, ஆழமில்லாமல். உளி பட்ட குழி இல்லை, பூச்சி அரித்ததும் இல்லை, எனக்குத் தெரியும். துடுப்பின் பிடி தேய்ந்து வழுவழுப்பாகுமே, அந்த மாதிரித் தேய்வு. கை பட்டுப் பட்டுத் தேய்ந்தது. என்னவென்று விளங்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு மரத்தின் மேல் குப்புறப் படுத்துப் பார்த்தேன். நடுக்குழிவில் என் நெஞ்சு இருந்தது. இரண்டு பக்கக் குழிவுகளிலும், முழங்கையை நன்றாக மடக்கினால், என் கைகள் போய் இருந்தன.

ஆரோ இந்த மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கடலில் கிடந்திருக்கிறார்கள், பெர்னடெட். வைரம் பாய்ந்த மரம் இது. ஒரு மனிதர் பிடித்து இது தேய வேண்டுமென்றால் நாள் கணக்கில் பிடித்தால் போதாது. வருடக் கணக்கில் பிடித்திருக்க வேண்டும்.

ஆறு வருடம் என்று நீர்தானே எழுதினீர்.

கிறகோரி


சேசு மரி சூசை

வவுனியா.
29.01.2025

அன்புள்ள ஷெரோனின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஷெரோனுக்குக் காட்டவில்லை. அரைவாசியில் நிறுத்தி, குசினிக் கதவைச் சாத்திவிட்டு மிச்சத்தை வாசித்தேன்.

நீங்கள் எழுதாமல் விட்ட வசனம் எனக்கு விளங்குகிறது. அதை நானும் எழுத மாட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் கைகள் அந்தக் குழியில் இருக்க முழங்கையை நன்றாக மடக்க வேண்டியிருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். றஜிந்தன் உங்களைவிட ஒரு தலை உயரம். அவனுக்குக் கடையில் வாங்கிய எந்தச் சட்டைக்கும் கை காணாது. அவனுடைய கை அந்தக் குழியில் எப்படி இருக்கும்? இருக்காது. உங்களுக்கும் இது தெரியும். பெற்ற பிள்ளையின் கை நீளம் தகப்பனுக்குத் தெரியாமல் போகாது.

அங்கே கிடந்தது ஆரோ சின்னப் பிள்ளை. அல்லது ஒரு பெண்பிள்ளை. எங்கள் பிள்ளை இல்லை.

அவன் இல்லை என்று சொல்வது எனக்குப் பழகிவிட்டது. இது வேறு ஆருடைய பிள்ளையோ என்றுதான் நினைக்க முடியவில்லை.

அதில் சிலை செய்யாதீர்கள். சிமியோனோடு கதைத்து என்ன செய்வதென்று பாருங்கள். இனி அதன் மேல் படுக்கவும் வேண்டாம்.

பெர்னடெட்


வவுனியா.
20.03.2025

இஞ்சாருங்கோ, என்ன நடக்கிறது? ஒன்றரை மாதமாக ஒரு வரி இல்லை. சிமியோன் போனில், "அத்தான் நல்லா இருக்கிறார் அக்கா, வேலையிலை நிக்கிறார்" என்று மட்டும் சொல்கிறான். அவன் பொய் சொல்லும்போது கூடுதலாக மரியாதை காட்டுவான், அது எனக்குத் தெரியும். ஒரு வரி போடுங்கள். இல்லாவிட்டால் ஷெரோனை அனுப்புவேன்.

பெர்னடெட்


முனை,
02.04.2025

அன்பின் பெர்னடெட்,

உம்முடைய இரண்டு கடிதங்களும் மேசையில் இருக்கின்றன. முதலாவதற்குப் பதில் எழுத எத்தனையோ முறை இருந்தேன். நீர் எழுதியது சரியாக இருந்தது. அதனால்தான் எழுத முடியவில்லை.

ஆனாலும் நான் வேலையைத் தொடங்கிவிட்டேன். கோபிக்கலாம், நியாயம்தான். ஜூன் மாதம் அந்தோனியார் திருநாள் என்று கோவிலார் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அது ஒரு காரணம். மற்றக் காரணம், நான் அந்தோனியாருக்கு றஜிந்தனின் முகத்தை வைக்க நினைத்திருந்தேன். ஆருக்கும் தெரிய வராது. உமக்கு மட்டும் தெரிந்திருக்கும். ஒரு கோவிலில், பூவும் விளக்குமாக, அவன் நிற்பான் என்று நினைத்தேன்.

பின்பக்கத்தைத்தான் முதலில் குடைந்தேன். மரத்தின் நடுப்பகுதியை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் காயும்போது சிலையின் மார்பு வெடிக்கும். நடுவுக்கு உளி போனதும் தண்ணீர் வந்தது. கசிவு இல்லை, ஊற்று மாதிரி. வாளி வைத்து எடுத்தேன். பங்குனி வெயிலில், கொட்டிலுக்குள், ஆழக்கடல் தண்ணீரின் குளிர். கொட்டாப்புளியால் உளியின் தலையில் அடித்தால் மரம் 'டொக்' என்று சொல்லும். இது சொல்லவில்லை. இருமுகிற பிள்ளையின் முதுகில் தட்டும்போது ஒரு சத்தம் கேட்குமே, அதுதான் கேட்டது.

பிறகு முகத்தைத் தொடங்கினேன். நாற்பது வருடம் முகம் செதுக்கியவன் நான். மூக்கில் தொடங்கி நெற்றிக்குப் போவேன். கண்ணை மூடிக்கொண்டும் செய்வேன். றஜிந்தனின் மூக்கு உம்முடைய மூக்கு. நீண்டது, நுனி கூர்மை. அதைத்தான் செதுக்கினேன். அந்த இடத்தில் மரம் பெயர்ந்து விழுந்தது. மிஞ்சியது சின்ன, தட்டையான மூக்கு. சரி, கன்னத்தை ஒடுக்கிச் சரிக்கட்டுவோம் என்றால் கன்னம் ஒடுங்கவில்லை. உருண்டு வந்தது. எந்த இடத்தில் உளி வைத்தாலும் நான் வெட்ட நினைத்தது நிற்கும், நினைக்காதது போகும். மூன்றாம் நாள் உளியை வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன்.

ஒரு பிள்ளை, பெர்னடெட். பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும். பெண்ணோ ஆணோ தெரியவில்லை. எங்கள் பக்கத்து முகமில்லை. கண்கள் மூடியிருக்கின்றன. நான் கண் செதுக்கவேயில்லை.

சிமியோன் அன்றைக்கு மீன் கொண்டு வந்தவன், வாசலில் நின்று பார்த்தான். உள்ளே வந்து அந்தப் பக்கக் குழிவில் கையை வைத்தான். உடனே எடுத்துவிட்டான்.

"அத்தான், இது சூடாக் கிடக்கு" என்றான்.

"வெயிலுக்கு இருக்கும்."

"வெயில் எங்கை படுது? மிச்ச மரமெல்லாம் குளிருது, இந்த இடம் மட்டும் சூடு. ஆரோ இப்பத்தான் கையை எடுத்த மாதிரி."

நானும் வைத்துப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது.

அவன் அதன் பிறகு கொட்டிலுக்குள் வருவதில்லை. மீனை வேலியில் கொழுவிவிட்டுப் போகிறான். நான் சாப்பிடுகிறேன், மாத்திரையும் போடுகிறேன். ஆனால் உளியை எடுக்க முடியவில்லை. முகத்தை அழிக்கவும் முடியவில்லை. என்ன செய்வது என்று நீர் சொல்லும்.

கிறகோரி


சேசு மரி சூசை

வவுனியா.
10.04.2025

அன்புள்ள உங்களுக்கு,

தபால்காரர் உங்கள் கடிதத்தைத் தரும்போது, "நனைஞ்சு போச்சு அம்மா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ, எப்பிடி எண்டு தெரியேல்லை" என்றார். கடித உறை தோய்ந்திருந்தது. வவுனியாவில் ஒரு மாதமாக மழை இல்லை. வெயிலில் காயப் போட்டேன். காய்ந்ததும் தாளின் ஓரமெல்லாம் வெள்ளை படிந்துவிட்டது. ஷெரோன் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கடிதத்தைத் தானே எடுத்து வாசித்தாள். பிறகு, "அப்பா பாவம் அம்மா. அந்தப் பிள்ளையும் பாவம்" என்றாள்.

போன மார்கழியில், உங்களுக்குத் தெற்கே, ஒரு படகு நிறைய வேறு தேசத்து அகதிச் சனம் கரையடைந்த செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். பசியில் வாடிய தாய்மாரும் பிள்ளைகளும். அவர்கள் வந்து சேர்ந்தார்கள். வந்து சேராத படகுகள் எத்தனை என்று ஆருக்குத் தெரியும்? அந்தப் பிள்ளையைத் தேடி எந்த ஊர்க் கரையில் எந்தத் தாய் நிற்கிறாளோ. அவளும் "உடம்பு வராமல் என்ன பூசை" என்று சொல்லிக்கொண்டிருப்பாளோ.

என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். இத்தனை வருடத்தில் நீங்கள் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. அதனால் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

முகத்தை அழிக்க வேண்டாம். அதற்கு அங்கி போட்டு, கையில் பாலன் சேசுவைக் கொடுத்து அந்தோனியார் ஆக்கவும் வேண்டாம். கோவிலாரிடம் மரம் பழுதாகிவிட்டது, வேம்பு காய்ந்த பிறகு அடுத்த வருடம் செய்து தருகிறேன் என்று சொல்லுங்கள். ஏசினால் ஏச்சு வாங்குங்கள்.

அந்தப் பிள்ளை கரைக்கு வரத்தான் பிடித்துக்கொண்டு கிடந்தது. வந்துவிட்டது. அதை இனிப் பிடித்துக்கொண்டிருப்பது நீங்கள். கொட்டிலுக்குள் வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தால் அது எப்படிப் போகும்? சுவாமியாரிடம் சொல்லி ஒரு செபம் செய்வித்து, சிமியோனோடு கொண்டு போய் ஆழத்தில் விட்டுவிடுங்கள்.

விடும்போது ஏதாவது சொல்லி விடுங்கள். அதன் பெயர் தெரியாவிட்டால் தெரிந்த ஒரு பெயரைச் சொல்லுங்கள்.

பெர்னடெட்


முனை,
27.04.2025

அன்பின் பெர்னடெட்,

நேற்றுக் காலை கொண்டு போய் விட்டுவிட்டோம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

உயிர்த்த ஞாயிறு கழியட்டும் என்று பொறுத்திருந்தோம். சுவாமியார் கொட்டிலுக்கு வந்தார். நான் சொன்னதை நம்பினாரோ தெரியாது. முகத்தைப் பார்த்ததும் செபப் புத்தகத்தைத் திறந்தார். செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். தெளித்த தண்ணீர் உடனே மரத்துக்குள் போய்விட்டது. நாலு பேராகத் தூக்கினோம். தராசில் கூடிக்கொண்டே போன மரம், அன்றைக்கு நாலு பேருக்குத் தூக்கக் கூடியதாக இருந்தது. ஒரு பிள்ளையை நித்திரையில் தூக்கிக் கொண்டு போவது போலத்தான் கொண்டு போனோம்.

வள்ளத்தின் பின்னால் கட்டி இழுத்தோம். சிமியோன் இயந்திரத்தில், நான் பின்னணியத்தில் கயிற்றடியில். கரையோரக் கற்பார் தாண்டி, மற்றவர்களின் வலைகளுக்கு இடைஞ்சல் வராத ஆழத்துக்குப் போனோம். கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. தாழட்டும் என்று கால் பக்கத்தில் கல்லுகள் கட்டியிருந்தோம். கயிற்றை வெட்டினேன்.

அது தாழவில்லை. கால் பக்கம் கீழே போக, தலைப் பக்கம் மெல்ல எழும்பி, நிமிர்ந்து நின்றது. கழுத்தளவு தண்ணீரில் ஒரு பிள்ளை நிற்கிற மாதிரி. முகம் மட்டும் வெளியே. எங்கள் பக்கம் திரும்பியபடி.

கல் கட்டினால் மரம் அப்படி நிற்பது வழமைதான், அது எனக்குத் தெரியும். சிமியோனுக்கும் தெரியும். ஆனாலும் அவன் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டான். "அத்தான், ஏதாவது சொல்லுங்கோ. அது காத்துக்கொண்டு நிக்குது" என்றான்.

இறந்தவர்களுக்காகச் சொல்லும் மன்றாட்டைத் தொடங்கினேன். பெயர் சொல்லும் இடம் வந்தது. உம்முடைய கடிதம் நினைவில் இருந்தது. பெயர் தெரியாத இந்தப் பிள்ளைக்கும் என்று சொன்னேன். பிறகு, என் மகன் றஜிந்தனுக்கும் என்று சொன்னேன். ஆறு வருடத்தில் அந்த மன்றாட்டில் அவனுடைய பெயரை என் வாய் சொன்னது அன்றைக்குத்தான். சொல்லி முடித்துத் திரும்பிப் பார்த்தேன். சிமியோன் அழுதுகொண்டிருந்தான்.

பிறகு அது திரும்பியது. முகம் கிழக்கே பார்த்தது. நகரத் தொடங்கியது. சிமியோன் இயந்திரத்தை நிறுத்தியிருந்தான், எங்கள் வள்ளம் நீரோட்டத்தில் கரைப் பக்கம் இழுபட்டுக்கொண்டிருந்தது. "அத்தான், நீரோட்டம் இஞ்சாலை வருது. அது அங்காலை போகுது" என்றான். ஓம், அப்படித்தான் போனது. அவசரமில்லாமல், நேர் கிழக்கே, நீரோட்டத்துக்கு எதிரே. கண்ணுக்கு எட்டும் தூரம்வரை தலையின் பின்பக்கம் தெரிந்தது. பிறகு தெரியவில்லை. தாழ்ந்ததோ, போய்ச் சேர்ந்ததோ.

கரைக்கு வந்து வள்ளத்தை இழுத்தபோது சிமியோன் என் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அத்தான், உங்கடை சட்டை" என்றான். நான் கடலில் இறங்கவில்லை. ஒரு துளி தண்ணீர் என்மேல் தெறிக்கவில்லை. சட்டையைக் கழற்றிப் பார்த்தேன். முதுகில் ஈரமாக இரண்டு கைகளின் அடையாளம். ஆரோ முன்னால் நின்று என்னைக் கட்டிப் பிடித்த மாதிரி, விரல்கள் எல்லாம் தெளிவாக. சின்னக் கைகள்.

வீட்டுக்குக் கொண்டு வந்து கொடியில் போட்டேன். ஈரம் காய்ந்து, அந்த இரண்டு கைகளும் வெள்ளை உப்பாக நிற்கின்றன. எனக்குப் பயமில்லை, பெர்னடெட். முதலில் இருந்தது. இப்போது இல்லை. ஆனால் அதைத் தோய்க்க என் கை போகவில்லை. எரிக்கவும் மனமில்லை.

கொட்டில் மணல் காய்ந்துவிட்டது. இன்று காலை நண்டுகள் வரவில்லை. கோவிலார் ஏசினார்கள், வாங்கிக்கொண்டேன்.

சுவாமியாரிடம் பூசைக்குத் திகதி கேட்டிருக்கிறேன். றஜிந்தனுக்கு. நீர் இல்லாமல் வைக்க மாட்டேன். கடலைப் பார்க்க முடியாவிட்டால் கோவிலுக்கு உள் வீதியால் வரலாம், நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். வருவீரா?

கிறகோரி


சேசு மரி சூசை

வவுனியா.
02.05.2025

அன்புள்ள றஜிந்தனின் அப்பாவுக்கு,

இந்த முறை கடிதம் நனையாமல் வந்தது.

வாசித்து முடித்துவிட்டு, ஆறு வருடத்தில் முதல் முறையாக நானே போனை எடுத்து உங்கள் இலக்கத்தை அழுத்தினேன். மணி அடிக்க முன்னரே வைத்துவிட்டேன். நேரில் வந்து அழுவது நல்லது என்று பட்டது.

வருகிற வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் நானும் ஷெரோனும் வருகிறோம். பூசையை ஞாயிற்றுக்கிழமைக்கு வைக்கச் சொல்லுங்கள். ஷெரோன் திங்கள் திரும்பிவிடுவாள். நான் எப்போது திரும்புவேன் என்று இப்போது எழுதவில்லை, வந்து பார்த்துச் சொல்கிறேன். உள் வீதி வேண்டாம். பஸ் நிலையத்துக்கு வாருங்கள், கடற்கரை வீதியாலேயே நடந்து போவோம். என் கையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

பூசையில் இரண்டு பேருக்கும் சேர்த்து மன்றாடச் சொல்லுங்கள்.

அந்தச் சட்டையைத் தோய்க்க வேண்டாம். கொடியிலேயே இருக்கட்டும். நான் வந்து தோய்க்கிறேன்.

பெர்னடெட்